விதை வாங்கும் முன்பே போய்ச் சேர வேண்டும்

மத்தியப் பிரதேசத்தின் மால்வா மேட்டுநிலத்தில் பெரும்பாலான வயல்களில் ஆண்டுக்கு இரண்டு பயிர். ஜூன் கடைசியில் மழை நிலைத்ததும் சோயா. அதை அறுத்த பிறகு, நவம்பரில் கோதுமை. இந்தூர், உஜ்ஜயின், தேவாஸ், தார், ரத்லாம், ஷாஜாபூர் மாவட்டங்களின் கரிசல் மண் இந்தச் சுழற்சிக்குப் பழகியது. அங்கே ஆய்வு நிலையத்திலோ, வேளாண் அறிவியல் நிலையத்திலோ, உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்திலோ வேலைக்குச் சேரும் இளம் பட்டதாரியை மனத்தில் வைத்து இந்த அத்தியாயத்தை எழுதுகிறேன். வேறு பயிர், வேறு ஊர் என்றால் தேதிகள் மாறும். வேலை செய்யும் முறை பெரிதாக மாறாது.

முதலில் காலக்கணக்கு. உழவர் ஆண்டு முழுக்க உழைத்தாலும், ஆய்வு முடிவு ஒன்று அவர் செய்வதை மாற்றக்கூடிய நாட்கள் சிலவே. ஏப்ரல், மே மாதங்களில் சோயா விதைக்கு ஏற்பாடு நடக்கும். எந்த ரகம், சொந்த விதையா, வெளியே வாங்குவதா என்பதெல்லாம் அப்போதே முடிவாகிவிடும். மழை தொடங்கிய பிறகு விதைப்புக்குக் கிடைக்கும் இடைவெளி குறுகியது. விதைத்த மூன்று வாரத்துக்குள் களையைப் பற்றிய முடிவு. ஆகஸ்டில் பூச்சியும் மஞ்சள் தேமல் நோயும். அக்டோபரில் கோதுமை விதை. கோதுமை விதைத்த மூன்றாம், நான்காம் வாரத்தில் முதல் தண்ணீர். மார்ச்சில் அறுவடை.

இந்த நாட்களுக்குப் பத்துப் பதினைந்து நாள் முன்னால் வந்து சேரும் செய்திதான் வயலுக்குள் இறங்கும். ஜூலை நடுவில் நல்ல சோயா ரகத்தைப் பற்றிப் பேசினால் மரியாதையாகக் கேட்டுக்கொள்வார்கள். வேறு ரகம் ஏற்கெனவே மண்ணுக்குள் போயிருக்கும். ஆனால் அலுவலகங்களின் ஆண்டு வேறு விதமாக ஓடுகிறது. நிதியாண்டு மார்ச்சில் முடிவதால் பயிற்சி முகாம்கள் பிப்ரவரியிலும் மார்ச்சிலும் குவிகின்றன. அப்போது உழவர் கோதுமையில் கண்ணாக இருப்பார். ஆகவே வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே ஒரு பெரிய தாளில் மேலே சொன்ன நாட்களைக் குறித்துச் சுவரில் ஒட்டுங்கள். கையில் இருக்கும் ஒவ்வொரு ஆய்வு முடிவையும் எந்த நாளுக்குரியது என்று பார்த்து அங்கே எழுதுங்கள். எந்த நாளோடும் சேராத முடிவு இப்போதைக்கு அலமாரியில் இருக்கட்டும்.

அவருடைய கேள்வி எது?

மால்வாவில் சோயா பரவிய கதையே இதற்குப் பாடம். 1960களுக்கு முன் அங்கே மழைக்காலத்தில் நிலத்தின் பெரும்பகுதி தரிசாகக் கிடந்தது. ஈரக் கரிசலில் கால் வைக்க முடியாது. மழை ஓய்ந்தபின் மண்ணில் தங்கிய ஈரத்தை நம்பிக் கோதுமையோ கொண்டைக்கடலையோ விதைப்பார்கள். ஜபல்பூரின் ஜவாஹர்லால் நேரு வேளாண் பல்கலைக்கழகமும் பந்த்நகர் பல்கலைக்கழகமும் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து 1960களில் மஞ்சள் சோயாவை ஆராய்ந்தன. உழவர்கள் அதை ஏற்றுக்கொண்டதற்கு விளைச்சல் மட்டும் காரணம் இல்லை. பெரும்பாலும் வேறு பயிரை விரட்டாமல் அது தரிசு மாதங்களில் பொருந்திக்கொண்டது. கோதுமைக்கு முன் கையில் காசு கிடைத்தது. எண்ணெய் ஆலைகள் வாங்கத் தயாராக இருந்தன. பொருந்துகிறதா என்பதுதான் அன்றைய கேள்வி. இன்றும் அதுவே.

இதை மறந்த அறிக்கைகள் ஏராளம். 1994இல் வெளியான ஜே.எஸ். 335 ரகம் மத்திய இந்தியாவின் சோயா நிலத்தை நெடுங்காலம் ஆண்டது. 2007இல் வந்த ஜே.எஸ். 95-60 சுமார் 85 நாளில் அறுவடைக்கு வந்துவிடும். 335ஐவிடப் பத்து நாள் குறைவு. அந்தப் பத்து நாள்தான் அதை மால்வாவின் செல்லப்பிள்ளை ஆக்கியது. வயல் முன்கூட்டியே காலியானால் உருளைக்கிழங்கோ பூண்டோ வைக்கலாம். கோதுமையையும் உரிய நாளில் விதைக்கலாம். பிறகு மஞ்சள் தேமல் நோய் அந்த ரகத்தைக் கடுமையாகத் தாக்கத் தொடங்கியது. ஆய்வாளர்கள் நோய் தாங்கும் ரகங்களின் விளைச்சல் அட்டவணையோடு ஊருக்குப் போகிறார்கள். கூட்டத்தில் எழும் முதல் கேள்வி, “எத்தனை நாளில் காலியாகும்?” என்பது. அந்தக் கட்டம் அட்டவணையில் இல்லையென்றால் மீதி எதுவும் காதில் ஏறாது. உழவர் பிடிவாதக்காரர் என்று எழுதிவிட்டுத் திரும்புவது அநியாயம். அவர் ஒரு பயிரைப் பார்க்கவில்லை; இரண்டு பயிரையும் சேர்த்துக் கணக்குப் போடுகிறார்.

ஆகவே எந்த முடிவைக் கொண்டுபோவதானாலும் அது ஆண்டின் இரண்டாம் பயிருக்கு என்ன செய்கிறது என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்.

முளைப்புச் சோதனையிலிருந்து தொடங்குங்கள்

புதிய ஊரில் எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டால், என் பதில் சோயா விதையின் முளைப்புச் சோதனை. செலவில்லை, ஒரு வாரத்தில் பதில் தெரியும், உழவரே செய்யலாம், பதில் அவருடைய சொந்த விதையைப் பற்றியது. ஆய்வு என்பது என்ன என்பதை இதைவிட நேராகக் காட்டும் வழி எனக்குத் தெரியாது.

சோயா விதை மென்மையானது. தோல் மெல்லியது, முளைக்கரு தோலுக்குச் சற்று அடியிலேயே இருக்கிறது. கதிரடிக்கும் இயந்திரம் வேகமாகச் சுழன்றால் கண்ணுக்குத் தெரியாமல் அடிபடும். அதனால்தான் விதைக்கென்று அடிக்கும்போது நிமிடத்துக்கு 350 முதல் 400 சுற்றுக்குள் ஓட்டச் சொல்கிறார்கள். மூட்டைகளை நான்கைந்துக்கு மேல் அடுக்கினால் அடிமூட்டை நசுங்கும். அக்டோபரில் அடித்த விதை மால்வாவின் கோடை வெயிலைத் தாண்டி ஜூன் வரை உயிரோடு இருக்க வேண்டும். கோதுமை விதையிடம் பழகிய கைக்கு இந்த அக்கறை புதிதாகத் தோன்றலாம். கோதுமை இவ்வளவு தொல்லை தராது.

சோதனையை மே மாதத்தில் வையுங்கள். மூட்டையின் மேல், நடு, அடி மூன்றிலிருந்தும் விதை எடுத்துக் கலக்குங்கள். பொறுக்காமல் நூறு விதையை எண்ணுங்கள். நல்ல விதையாகப் பார்த்து எடுத்தால் சோதனையே வீண். நனைத்துப் பிழிந்த சாக்குத் துண்டில் வரிசையாக வைத்துச் சுருட்டி, நிழலில் ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஐந்து முதல் ஏழு நாளில் பிரித்து, வேரும் தண்டும் ஒழுங்காக வந்தவற்றை மட்டும் எண்ணுங்கள். 70க்கு மேல் இருந்தால் விதைக்கலாம்.

இனி கணக்கு. நடுத்தர அளவு விதைக்கு ஹெக்டேருக்கு 75 கிலோ என்ற பரிந்துரை, 70 விழுக்காடு முளைப்பை வைத்துச் சொல்லப்பட்டது. முளைப்பு 50 என்றால் அதே செடி எண்ணிக்கைக்கு 105 கிலோ வேண்டும். 90 என்றால் 58 கிலோவே போதும். மால்வாவில் பலர் தேவைக்கு மேல் விதை போடுகிறார்கள். முளைப்பின் மீது நம்பிக்கை இல்லாதபோது அதுதான் அவர்கள் கண்ட பாதுகாப்பு. “விதையைக் குறையுங்கள்” என்ற அறிவுரை எத்தனை முறை சொன்னாலும் ஏறாததற்குக் காரணம் இதுவே. சோதனை முடிவைக் கையில் வைத்திருக்கும் உழவர், நீங்கள் சொல்லாமலே குறைப்பார். மிச்சமாகும் விதையின் விலை உடனே தெரிகிறது; அடுத்த ஆண்டு உங்கள் பேச்சைக் கேட்க அதுவே காரணமாகும். முளைப்பு 50க்கும் வெகுவாகக் கீழே போனால் அளவைக் கூட்டி ஈடுகட்டச் சொல்லாதீர்கள். முளைக்கும் செடிகளும் நோஞ்சானாக இருக்கும். விதையை மாற்றச் சொல்லுங்கள். மே மாதமாக இருந்தால் அதற்கு நேரம் இருக்கிறது.

இந்தச் சோதனையை யாருக்குக் கற்றுக்கொடுக்கிறீர்கள் என்பதும் முக்கியம். விதையைப் புடைத்துப் பொறுக்கி மூட்டை கட்டி வைப்பது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். கூட்டத்துக்கு வருவது ஆண்கள். பெண்களுக்கு ஒழியும் நேரம் எது என்று அவர்களிடமே கேட்டு, வீட்டு முற்றத்தில் செய்து காட்டுங்கள்.

பக்கத்தில் பழையது இருக்க வேண்டும்

உழவர் வயலில் செய்து காட்டும் முறைக்கு இந்தியாவில் நல்ல மரபு உண்டு. 1960களின் நடுவில் மெக்சிகோவின் குட்டைக் கோதுமை வந்தபோது, கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன் தேசியச் செயல்விளக்கங்களைச் சிறு உழவர்களின் வயலில்தான் நடத்த வேண்டும் என்று வலியுறுத்தினார். பணக்காரர் வயலில் விளைந்தால் அது பணத்தின் விளைச்சல் என்று ஊர் சொல்லிவிடும் என்பது அவர் வாதம். டில்லிக்கு அருகே ஜௌன்டி கிராமம் அப்படித்தான் விதைக் கிராமமானது. 1974இல் நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் புதுச்சேரியில் தொடங்கியது. எண்ணெய்வித்துகளுக்கு 1990–91 முதல் நடக்கும் முதல்நிலை செயல்விளக்கங்களை விஞ்ஞானிகளே முன்னின்று உழவர் நிலத்தில் வைக்கிறார்கள்.

இவற்றில் பலவற்றின் குறை ஒன்றுதான். புதிய முறை ஒரு வயலில் இருக்கும். பழையது வேறொருவர் வயலில் இருக்கும். மண், விதைத்த தேதி, தண்ணீர், பக்குவம் எல்லாம் வேறு. எவ்வளவு வித்தியாசம் கண்டாலும் காரணம் சொல்ல முடியாது. அத்தோடு புதிய வயலுக்கு விதை, உரம், மருந்து எல்லாம் இலவசமாகப் போயிருந்தால், அந்த எண்ணை ஊரில் யாரும் நம்புவதில்லை. நம்பாததில் நியாயம் இருக்கிறது.

நான் பரிந்துரைப்பது பட்டை முறை. ஒரே வயலில் விதைப்புக் கருவியின் அகலத்துக்கு ஒரு பட்டை புதியது, அடுத்த பட்டை பழையது என்று வயலின் முழு நீளத்துக்கும் விதைக்க வேண்டும். குறைந்தது நான்கு ஜோடி. ஒவ்வொரு ஜோடியிலும் எந்தப் பக்கம் புதியது என்பதை நாணயம் சுண்டித் தீர்மானியுங்கள். இல்லையென்றால் கை தானாக நல்ல பக்கத்தைப் புதியதற்குக் கொடுத்துவிடும். வரப்போரப் பட்டைகளையும், மரநிழல் விழும் இடத்தையும், தண்ணீர் தேங்கும் மூலையையும் கணக்கில் சேர்க்காதீர்கள். ஒரு சோதனையில் ஒரே ஒரு மாற்றம். ரகத்தையும் மாற்றி, அகலப் பாத்தி முறையையும் சேர்த்து, விதைநேர்த்தியையும் கூட்டினால் மூன்றில் எது வேலை செய்தது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆய்வாளருக்கு இந்தச் சபலம் எப்போதும் உண்டு. எல்லா நல்லதையும் ஒரே மூட்டையாகக் கொடுத்துவிட மனம் துடிக்கும். உழவர் மூட்டையைப் பிரித்துத் தனக்குக் கட்டுப்படியானதை மட்டும் எடுப்பார். எதை எடுத்தால் எவ்வளவு கிடைக்கும் என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டும்.

அளப்பது எளிது. எட்டு வரிசை, வரிசைக்கு வரிசை 45 செ.மீ. என்றால் பட்டையின் அகலம் 3.6 மீட்டர். வயலின் ஓரங்களை விட்டு நடுவில் 60 மீட்டர் நீளம் எடுத்தால் 216 சதுர மீட்டர். அதை மட்டும் தனியாக அறுத்து, தனித் தார்ப்பாயில் அடித்து, உழவரும் அக்கம்பக்கத்தாரும் பார்க்க எடை போடுங்கள். 28 கிலோ வந்தால் ஹெக்டேருக்குச் சுமார் 13 குவிண்டால். எல்லாப் பட்டையையும் ஒரே நாளில் எடை போட வேண்டும். காலையில் அறுத்த ஈரச் சோயாவையும் மாலையில் காய்ந்ததையும் ஒப்பிட்டுப் புதிய ரகத்துக்கு வெற்றி சொன்னால், பார்த்துக்கொண்டிருக்கும் வயதான உழவருக்கு உண்மை தெரிந்துவிடும்.

எடையை நீங்கள் போடுவதைவிட அவர் போட்டு, அவர் கையாலேயே எழுதுவது மேல். அடுத்த ஊரில் அதைப் பற்றிப் பேசப்போவது அவர்தான்.

எண்ணைச் சொல்லும் விதம்

ஆய்வுக் கட்டுரை ஹெக்டேருக்கு கிலோ என்று எழுதும். மால்வா உழவர் பீகாவில் பேசுவார், குவிண்டாலில் விற்பார். பீகாவின் அளவு வட்டாரத்துக்கு வட்டாரம் மாறுவதால், ஒரு ஹெக்டேருக்கு எத்தனை பீகா என்று அந்த ஊரிலேயே கேட்டுத் தெரிந்துகொண்டு பேச்சைத் தொடங்குங்கள். பஞ்சாப், ஹரியானா போனால் ஏக்கர். இந்த மாற்றத்தை மேடையில் மனக்கணக்காகச் செய்ய வேண்டாம். முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

சராசரி மட்டும் போதாது. எடுத்துக்காட்டுக்கு, நான்கு ஜோடிப் பட்டைகளில் புதியதற்கும் பழையதற்கும் உள்ள வித்தியாசம் 5 கிலோ கூடுதல், 3 கூடுதல், 1 குறைவு, 4 கூடுதல் என்று வைத்துக்கொள்வோம். சராசரி 2.75 கிலோ; ஹெக்டேருக்குச் சுமார் 1.3 குவிண்டால். அறிக்கையில் 1.3 மட்டும் இருக்கும். கூட்டத்தில் நான்கு எண்ணையும் பலகையில் எழுதுங்கள். குறைந்த அந்த ஒரு ஜோடி எங்கே இருந்தது என்று யாராவது கேட்பார்கள். வாய்க்கால் பக்கமா, மேட்டிலா என்று வயல்காரரே சொல்வார். அன்றைய கூட்டத்தின் மிகப் பயனுள்ள பேச்சு அங்கேதான் பிறக்கும். குறைந்ததை மறைத்தால் அந்தப் பேச்சே நடக்காது.

அடுத்து பணம். கூடுதல் விளைச்சலை ரூபாயாக்கும்போது எந்த விலையை எடுக்கிறீர்கள் என்பதைச் சொல்லிவிடுங்கள். 2025–26க்குச் சோயாவின் குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 5,328 ரூபாய். ஆனால் மண்டி விலை அதற்குக் கீழே கிடந்த பருவங்களை உழவர்கள் மறக்கவில்லை. 2024 செப்டம்பரில் மத்தியப் பிரதேசத்தில் அதற்காகவே போராட்டம் நடந்தது. அரசு விலையில் கணக்குப் போட்டு லாபம் காட்டினால் அவையில் முகங்கள் இறுகும். அவர்கள் கடைசியாக விற்ற விலையைக் கேட்டு அதையே போடுங்கள். இன்னும் நல்ல வழி, செலவையும் குவிண்டாலில் சொல்வது: இந்த மருந்துக்கும் கூலிக்கும் ஆகும் செலவு இத்தனை கிலோ சோயாவுக்குச் சமம், அதற்கு மேல் கிடைப்பதுதான் உங்களுடையது.

பயிற்சிக் கையேடுகளில் இரண்டு இடைவெளிகளைப் பற்றிச் சொல்லியிருப்பார்கள். ஆய்வு நிலைய விளைச்சலுக்கும் செயல்விளக்க விளைச்சலுக்கும் இடையே ஒன்று; செயல்விளக்கத்துக்கும் உழவரின் சொந்த முறைக்கும் இடையே இன்னொன்று. முதலாவது ஆய்வாளரின் கடன். அதை உழவரின் அறியாமைக் கணக்கில் எழுதக் கூடாது.

காலாவதியாகும் முடிவுகள்

ஆய்வு முடிவுக்கும் ஆயுள் உண்டு என்பதை முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது. 1995இல் வெளியான பி.பி.டபிள்யூ. 343 கோதுமை, வடமேற்குச் சமவெளியில் பல லட்சம் ஹெக்டேருக்குப் பரவியது. பிறகு மஞ்சள் துரு நோயின் புதிய இனம் வந்து அதன் எதிர்ப்புத்திறனை உடைத்தது. ஒரே ரகம் எங்கும் நிறைந்திருந்ததால் சேதமும் பெரிதாயிற்று. “நோய் வராது” என்று சொல்லி விதை கொடுத்தவர்கள் அடுத்த ரகத்தோடு போனபோது எதிர்கொண்ட முகங்களை நினைத்துப் பாருங்கள். “இப்போதுள்ள நோய் இனங்களைத் தாங்குகிறது, புதிய இனம் வந்தால் மாற்ற வேண்டியிருக்கும், ஆகவே வயல் முழுக்க ஒரே ரகம் வேண்டாம்” என்பது நீளமான வாக்கியம்தான். அதை முழுதாகவே சொல்ல வேண்டும்.

ஹரியானாவில் நடந்தது இதற்கு மறுபக்கம். கோதுமை வயலின் பெரும் பகையான மண்டூசிக் களையை அடக்கி வந்த ஐசோபுரோட்யூரான் மருந்து, 1990களின் தொடக்கத்தில் பல வயல்களில் பலிக்காமல் போனது. களை எதிர்ப்புத்திறன் பெற்றுவிட்டது. ஹிசார் வேளாண் பல்கலைக்கழகத்து விஞ்ஞானிகள் புதிய மருந்துகளோடு உழவில்லா விதைப்பையும் முன்வைத்தார்கள். நெல் அறுத்த வயலில் உழாமல் நேரடியாகக் கோதுமையை விதைத்தால் மண் புரளாததால் களை குறைவாக முளைக்கும், விதைப்பும் முந்தும், டீசல் மிச்சம். ஆழ உழுபவனே நல்ல உழவன் என்று தலைமுறைகளாக நம்பிய இடத்தில் இதைப் பேச்சால் சாதித்திருக்க முடியாது. கருவியை ஊருக்குள் கொண்டுபோனார்கள். உழவர்கள் தங்கள் நிலத்தில் ஒரு பகுதியை மட்டும் சோதனைக்குக் கொடுத்தார்கள். உள்ளூர்ப் பட்டறைகள் கருவியைச் செய்யத் தொடங்கின, பழுதும் பார்த்தன. கருவி கிடைக்காத இடத்தில் அந்த ஆய்வு எவ்வளவு அழகாக விளக்கப்பட்டாலும் நகர்ந்திருக்காது. நீங்கள் சொல்லப்போகும் முறைக்கு வேண்டிய பொருள் பக்கத்துச் சந்தையில் கிடைக்கிறதா என்று முந்திய நாளே போய்ப் பார்த்துவிடுங்கள்.

விதையும் அப்படித்தான். சோயாவும் கோதுமையும் தன்மகரந்தச் சேர்க்கைப் பயிர்கள். நல்ல ரகத்தின் விதையை உழவர் தாமே எடுத்து வைக்கலாம். 2001ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டம், அதை வணிகப் பெயர் இடாமல் மாற்றிக்கொள்ளவும் விற்கவும் அவருக்கு உரிமை தருகிறது. எனவே ரகச் சோதனை வைத்த வயலையே ஊரின் விதை வயலாகத் திட்டமிடுங்கள். அறுவடைக்கு முன் கலப்புச் செடிகளைப் பிடுங்கக் கற்றுக்கொடுத்தால் பத்து வீட்டுக்கு விதை கிடைக்கும். காகிதத்தில் போகும் ஆய்வைவிட மூட்டையில் போகும் ஆய்வு வேகமானது.

யார் காதில் விழுகிறது

ஆகஸ்டில் இலை மஞ்சளானால் உழவர் முதலில் போவது விதை, மருந்துக் கடைக்கு. கடைக்காரர் மீது கோபப்பட்டுப் பயனில்லை; அவர் கடை காலை முதல் இரவு வரை திறந்திருக்கிறது. ஹைதராபாத்தில் உள்ள மேனேஜ் நிறுவனம் 2003 முதல் இடுபொருள் விற்பனையாளர்களுக்கென்றே ஓராண்டுப் பட்டயப் படிப்பு நடத்துகிறது. உங்கள் வட்டாரத்தில் அதை முடித்தவர் யார் என்று தேடி, பருவத் தொடக்கத்தில் அவரோடு அரைநாள் உட்காருங்கள். விதைநேர்த்தியின் வரிசையை மட்டுமாவது அவர் சரியாகச் சொல்லட்டும்: முதலில் பூஞ்சைக்கொல்லி, பிறகு பூச்சிமருந்து, கடைசியில் விதைக்கும் வேளையில் ரைசோபியம். எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து கொட்டினால், காசு கொடுத்து வாங்கிய நுண்ணுயிர் அங்கேயே செத்துப்போகும்.

கைப்பேசியில் வரும் படங்களுக்கும் ஒரு முறை வேண்டும். ஒரே ஒரு மஞ்சள் இலையின் படத்தைப் பார்த்து மருந்து சொல்லாதீர்கள். தேமலும் மஞ்சள், இரும்புச்சத்துக் குறையும் மஞ்சள், நீர் தேங்கிய வேரின் துன்பமும் மஞ்சள். மூன்று படம் கேளுங்கள்: வயல் முழுதும், ஒரு செடி, இலையின் அடிப்புறம். மஞ்சளும் பச்சையும் திட்டுத்திட்டாகக் கலந்திருந்து, இலையடியில் வெள்ளை ஈயும் இருந்தால் தேமலாக இருக்க வாய்ப்பு அதிகம். நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி வெளுத்தும் இளம் இலையில் தெரிந்தால் சத்துக்குறை. தேமலுக்கு மருந்தில்லை, பரப்பும் ஈயைக் கட்டுப்படுத்தலாம், முதலில் பாதித்த செடிகளைப் பிடுங்கலாம். இதை ஒளிக்காமல் சொல்லிவிட்டால் அவருடைய ஒரு தெளிப்புச் செலவு மிச்சமாகும். சந்தேகம் இருந்தால் நேரில் போங்கள்.

கூட்டத்துக்கு வருபவர் நிலத்தின் சொந்தக்காரராகவும், வயலில் நிற்பவர் குத்தகைக்காரராகவும் இருக்கலாம். பட்டைச் சோதனைக்கு ஒப்புதல் இருவரிடமும் வாங்க வேண்டும்.

கோதுமையின் பக்கம்

கோதுமையில் பகிர வேண்டியவற்றுள் நான் முதலிடம் கொடுப்பது முதல் பாசனத்துக்கு. விதைத்த 20 முதல் 25 நாளுக்குள், தூரின் அடியிலிருந்து நிலைவேர்கள் கிளம்பும். அப்போது தண்ணீர் தவறினால் தூர் கட்டுவது குறையும்; பின்னால் எத்தனை தண்ணீர் விட்டும் ஈடாகாது. மால்வாவில் கிணற்று நீர் அளவானது. இந்தூரில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டல நிலையம் குறைந்த பாசனத்துக்கென்றே ரகங்களை உருவாக்கியிருக்கிறது. இரண்டே தண்ணீர் இருப்பவருக்கு ஐந்து தண்ணீரில் எடுத்த விளைச்சலைக் காட்டாதீர்கள். எத்தனை தண்ணீர் இருக்கிறது என்று கேட்டு, அதற்கேற்ற ரகத்தைப் பேசுங்கள். வேரைக் காட்டுவது சுலபம்: இருபதாம் நாள் ஒரு செடியை மண்ணோடு தோண்டி, கழுவி, கையில் கொடுங்கள்.

விதைப்புத் தேதிக்கு 2022 மார்ச் நல்ல சாட்சி. 1901இலிருந்து பதிவான மார்ச் மாதங்களில் இந்தியா முழுமைக்கும் அதுவே மிக வெப்பமானது. பால் பிடிக்கும் கட்டத்தில் வெயில் தாக்கி, வடமேற்கில் மணி சுருங்கியது. மே 13 அன்று கோதுமை ஏற்றுமதிக்குத் தடை வந்தது. அந்த ஆண்டு யார் எந்தத் தேதியில் விதைத்தார், எத்தனை குவிண்டால் எடுத்தார் என்று ஊரிலேயே விசாரித்துப் பலகையில் வரிசைப்படுத்துங்கள். முந்தி விதைத்தால் இந்த வெயிலுக்குத் தப்பலாம் என்று நீங்கள் கொண்டுபோகும் வரைபடம் சொல்வதை அந்த ஊரின் கணக்கே சொல்லக்கூடும். சொல்லாமலும் போகலாம். சொல்லவில்லையென்றால் ஏன் என்று தேடுவதுதான் உங்கள் அடுத்த வேலை.

சோயாவுக்கு 2023 ஆகஸ்ட் அப்படிப்பட்டது. 1901க்குப் பின் நாட்டில் மழை மிகக் குறைந்த ஆகஸ்ட். அகலப் பாத்தியும் சாலும் அமைத்த வயலையும் சமதளமாக விதைத்த வயலையும் அப்போது அருகருகே பார்த்தவர்களுக்கு, ஈரம் எதில் தங்கியது என்று நீண்ட விளக்கம் தேவைப்படாது. இத்தகைய ஆண்டுகளின் பதிவைத் தேதியோடு, ஊரோடு, எடையோடு ஒரு நோட்டில் சேர்த்து வையுங்கள். நீங்கள் மாற்றலாகிப் போனாலும் அடுத்து வருபவருக்கு அது பயன்படும்.

அக்டோபர் கூட்டம்

சோயா அறுவடை முடிந்து பத்து நாளுக்குள், கோதுமை விதைக்குப் பணம் கட்டும் முன், பட்டை வைத்த உழவர்களையும் மற்றவர்களையும் ஒரே இடத்தில் கூட்டுங்கள். வயல்காரர் தம் எண்களைத் தாமே படிக்கட்டும். நீங்கள் அளவு மாற்றத்திலும் கணக்கிலும் மட்டும் உதவுங்கள். அன்றே இரண்டு பட்டியல் எழுதுங்கள். ஒன்று, வரும் கோதுமைப் பருவத்தில் யார் எதைச் சோதிக்கப் போகிறார் என்பது. மற்றொன்று, அவர்கள் கேட்டு உங்களால் பதில் சொல்ல முடியாத கேள்விகள்.

இரண்டாவது பட்டியலை இந்தூரில் உள்ள சோயா ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் கோதுமை மண்டல நிலையத்துக்கும் கேட்டவரின் ஊரையும் மண்ணையும் பாசனத்தையும் குறிப்பிட்டு அனுப்புங்கள். பதில் வந்ததும் கேட்டவரிடம் நேரில் சொல்லுங்கள். அதற்கு இன்னும் ஆய்வு நடக்கவில்லை என்பதே பதிலானால் அதையும் சொல்லுங்கள். முடிந்தால் அவருடைய வயலிலேயே அந்தக் கேள்விக்கு நான்கு ஜோடிப் பட்டை வைக்க இடம் கேளுங்கள்.